பனியன் வடிவில் ஒரு சம்மதக் கடிதம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பிழைப்பைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒரே ஒரு எழுத்துதான் இருந்தது. அது எழுதப்பட்ட அட்டையை நான் ஒரு வயதுக் குழந்தையின் பனியன் அளவுக்கு வெட்டினேன். கழுத்து, இரண்டு பக்கமும் கைக்குழி, கீழே மடிப்புக்கு விடும் இடம், எல்லாம் வைத்துத்தான் வெட்டினேன். ஒரு நூல் பிசகவில்லை. (வெட்டு சுத்தமாக இருக்கிறது என்று நீதிபதியே சொன்னார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சாட்சிக் கூண்டில் நின்றபடி நான் தலையை வேறு ஆட்டினேன்.)

நானும் என் வீட்டுக்காரர் தேவராஜும் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான மறுமாதமே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டோம். அவர் ஓவர்லாக் டெய்லர். நான் செக்கிங்கில் சேர்ந்து, பிசிறு வெட்டி, பீஸ் அடுக்கி, கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிங் டேபிளுக்கு வந்தவள். அப்போதெல்லாம் அந்த டேபிளில் பெண்கள் நிற்பது அபூர்வம். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. (என் மகளைக் கேட்டால் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை அடிக்கச் சொல்வாள்.)

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடத்தில் நாங்கள் சொந்தமாக ஆறு மிஷின் சேர்த்துவிட்டோம். போட இடம்தான் இல்லை. ஊத்துக்குளி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் ஊர்க்காரர் முத்தையா அண்ணாச்சி பெரிய தகர செட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாலிதீன் கவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கிழக்குப் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மேற்குப் பாதியில் முன்பு செல்வம் என்பவர் பனியனில் படம் அச்சடிக்கும் மிஷின் வைத்திருந்து, காலி செய்துகொண்டு போய்விட்டார்.

“மேக்க சும்மாதான் கெடக்கு. உள்வாடகைக்கு எடுத்துக்க தங்கச்சி,” என்றார் அண்ணாச்சி. பின்பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் நாங்களும் எங்கள் ஆறு வயது ஜெபாவும் அங்கேயே குடியிருக்கலாம் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேவராஜுக்கு மட்டும் ஒரு பயம். கட்டடம் அண்ணாச்சியுடையது இல்லையே. அது கணியூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த சென்னியப்பன் ஐயாவுடையது. “நாளைக்கு அவரு ‘ஒன்ன யாரு உள்ள விட்டா’ன்னு கேட்டா என்ன சொல்லுவ? அவரு கையால ஒரு வரி எழுதி வாங்கணும்ட்டி,” என்று மூன்று நாள் விடாமல் சொன்னார். அவர் பேச்சை நான் கேட்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

பால் காய்ச்சிய அன்று ஐயா வந்தார். மகன் கதிர்வேல் பைக்கில் கூட்டிவந்தான். கல்லூரி முடித்த பையன், வாய் நிறைய அக்கா என்பான். இருவரும் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் குடித்தார்கள். தேவராஜ் என் முழங்கையை இடித்தார். நான் மென்று விழுங்கி, எழுத்து விஷயத்தைக் கேட்டேன்.

ஐயாவின் முகம் சுண்டிவிட்டது. “ஏனுங்க, எம் பேச்சு பத்தாதுங்களா? பாலு குடிச்சுப்போட்டு அப்பறம் பேச்சு மாறுவனுங்களா நானு?”

“அய்யோ, இல்லீங்கய்யா. எனக்கு அதெல்லாம் வேண்டாங்க. இவருதான் கேக்கச் சொன்னாரு,” என்றேன் நான். (பழியைத் தூக்கி அவர்மேல் போடுவதில் எனக்கு அன்றைக்கே நல்ல பழக்கம் இருந்திருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

ஐயா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவரே இறங்கிவந்தார். “சரி உடு கண்ணு. எழுதறதுல என்ன வந்துது. கொண்டா ஒரு காயிதம்.”

காகிதம் எங்கே இருக்கிறது? அன்றைக்குத்தான் பால் காய்ச்சியிருக்கிறோம், ஒரு பில் புத்தகம்கூட இல்லை. இருந்ததெல்லாம் பேட்டர்ன் அட்டைதான். துணிமேல் வைத்து வரைந்து வெட்டுவதற்கு நாங்கள் அளவு எடுத்து நறுக்கி வைத்துக்கொள்ளும் கெட்டியான பழுப்பு அட்டை. அதில் ஒன்றை நீட்டினேன். துணியில் குறி போடும் நீல மார்க்கரை வாங்கி ஐயா பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். வலது மேல் மூலையில் தேதி. மேலே நட்டநடுவில் ‘தேவராஜ், எஸ்தர் அவர்களுக்கு’ என்று எங்கள் பெயர். அதன்கீழே, முத்தையா இருக்கும் செட்டின் மேற்குப் பாதியில் மிஷின் போட்டு உள்வாடகைக்கு இருந்துகொள்ள எனக்கு முழுச் சம்மதம் என்று இரண்டு வரி. அடியில் கையெழுத்து.

அதை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. பனியன் கம்பெனியில் பேட்டர்னை விட மதிப்பான பொருள் கிடையாது. மிஷின் ரிப்பேர் ஆனால் இன்னொரு மிஷின் வரும். பேட்டர்ன் தொலைந்தால் ஆர்டரே போச்சு. ஆகவே எல்லாக் கம்பெனியிலும் பேட்டர்ன்களை ஓட்டை போட்டு, கயிறு கோத்து, எலி எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டிவைப்போம். நான் ஐயாவின் கடிதத்துக்கும் ஒரு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, அதே ஆணியில் மாட்டினேன். தேவராஜ் அதை டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொன்னார். “ஒங்க டிரங்குப் பெட்டிய விட இந்த ஆணி பத்திரம்,” என்றேன். அவரும் வழக்கம்போல விட்டுவிட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ஆராதனை முடிந்து நான் முதலில் வந்துவிட்டேன். தேவராஜும் ஜெபாவும் கறி வாங்கப் போயிருந்தார்கள். எங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனியின் இளவயது மேனேஜர் வந்தார்; வண்டி இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“அக்கா, ட்வெல்வ் மன்த் சைஸ்ல ஷோல்டர் மாறுதுங்க. பையர் மெயில் போட்டுட்டான். நாளைக்குக் காலைல கட்டிங் முடிஞ்சே ஆகணுங்க. இல்லீன்னா இந்த ஆர்டர் வேற பக்கம் போயிரும்.”

எங்களிடம் கட்டிங் மாஸ்டராக இருந்த முருகேசன் தாராபுரத்துக்காரர். ஞாயிறு லீவில் ஊருக்குப் போயிருந்தார். அட்டைக் கடை பூட்டியிருந்தது. நான் ஆணியைப் பார்த்தேன். கடைசியாக ஒரு அட்டை, சுத்தமாக, ஒரு கோடு இல்லாமல், வெறும் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. இழுத்தேன். அளவு வைத்தேன். ‘ஃப்ரண்ட், 12 மாதம்’ என்று எழுதினேன். கத்திரியை எடுத்துக் கழுத்தை ஒரே இழுப்பில் வளைத்தேன். எனக்கு நானே மெச்சிக்கொண்ட வெட்டு அது. கைக்குழி இரண்டும் முடித்து, பிசிறு தட்டுவதற்காகத் திருப்பினேன்.

சென்னியப்பன் என்ற கையெழுத்து கீழே பத்திரமாக இருந்தது. சம்மதமும் இருந்தது. ஆனால் தேதி கைக்குழியோடு போயிருந்தது. எங்கள் பெயர் இருந்த இடத்தில் கழுத்து இருந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பாள்? கீழே விழுந்த கழுத்துத் துண்டைப் பொறுக்கி, பசை போட்டு ஒட்டியிருப்பாள். நான் அதைப் பொறுக்கினேன், உண்மைதான். பொறுக்கி, தேவராஜ் பார்த்துவிடக் கூடாது என்று, கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் அமுக்கினேன். திங்கட்கிழமை காலையில் வேஸ்ட்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் பெயரும் அவரோடு போனது.

எப்படியும் வெட்டியாகிவிட்டது என்று அந்த அட்டையை வைத்தே முழு ஆர்டரையும் வெட்டி முடித்தேன். அந்தப் பனியன்கள் கப்பலேறி எந்தெந்தத் தேசத்துக்கோ போயின. எங்கேயோ குளிர் நாட்டில் குழந்தைகள் சென்னியப்பன் ஐயாவின் சம்மதத்தை மாட்டிக்கொண்டு தவழ்ந்திருக்கும்.

இன்னொரு கடிதம் எழுதி வாங்குவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஐயா மாதம் ஒருமுறை கணியூரிலிருந்து வருவார். எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து, காப்பி குடித்து, ஜெபாவின் தலையைத் தடவிவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் காப்பி ஆற்றும்போதே வாக்கியத்தைத் தயார் செய்வேன். ‘அய்யா, நீங்க எழுதிக் குடுத்ததை நான் பனியனா வெட்டிட்டேங்க.’ எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது சொல்லக்கூடிய வாக்கியமாக வரவில்லை. அவர் பேச்சு போதாது என்று சொல்லி எழுதி வாங்கினோம், எழுதித் தந்ததை வெட்டியும் விட்டோம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று பதினோரு மாதம் காப்பி ஆற்றினேன்.

பன்னிரண்டாவது மாதம் ஐயா இறந்துபோனார்.

கணியூருக்குப் போய் மாலை போட்டோம். அங்கே கூடியிருந்த பெண்களில் சொந்தக்காரர்களை விட நான்தான் அதிகம் அழுதேன். யாரோ ஒரு அம்மா என் தோளை அணைத்து, “உசுரா இருந்துருக்கறாப்பல,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஐயாவுக்காகவும் அழுதேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதி அழுகை அந்த அட்டைக்கு.

அடுத்த வருடமே நோட்டீஸ் வந்தது. கதிர்வேலுக்கு செட்டை இடித்துக் கட்டடம் கட்ட வேண்டும். முத்தையா அண்ணாச்சி கட்டட உரிமையாளர் சம்மதமில்லாமல் இடத்தை உள்வாடகைக்கு விட்டுவிட்டார், அவரையும் எங்களையும் காலி செய்ய உத்தரவிட வேண்டும் என்று கோர்ட்டில் மனு. அண்ணாச்சி அதற்குள் வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். போனில் பிடித்தபோது, “கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு ஒத்துவராது தங்கச்சி,” என்று வைத்துவிட்டார்.

நாங்கள் பிடித்த வக்கீல் விஷயத்தை எளிமையாகச் சொன்னார். “கட்டட உரிமையாளர் எழுத்தில் சம்மதம் குடுத்திருந்தா நீங்க சட்டப்படியான உள்வாடகைதாரர். நின்னு சண்டை போடலாம். எழுத்து இல்லைன்னா, முத்தையா வெளியே போற கதவு வழியா நீங்களும் போகணும்.”

தேவராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “எழுத்துலயே இருக்கு சார்! அவரு கைப்பட! நான்தான் வாங்கியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்!” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு பெருமையாக அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், “ஏட்டி எஸ்தரு, அந்த அட்டைய எடு,” என்றார்.

நான் சொன்ன பதில் இது. எழுதுவதற்கே கை கூசுகிறது. “நீங்கதான டிரங்குப் பெட்டிதான் பத்திரம்னு எடுத்து வச்சீங்க?”

“நானா?” என்றார். அவர் முகத்தில் சந்தேகம் வந்தது. என்மேல் இல்லை, தன்மேல். நான் அடித்துச் சொன்னால் தன் ஞாபகத்தையே சந்தேகப்படும் மனிதர் அவர். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு நாள் தேடினார். மிஷின்களை நிறுத்திவிட்டுத் தேடினார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். பாயைச் சுருட்டி உதறினார். ஜெபாவின் பாடப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அவ்வளவு பெரிய அட்டை கணக்குப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கும் என்பதுபோல. “கிறுக்குப்பய நான், எங்க வச்சேன், எங்க வச்சேன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் கூடவே தேடினேன். (ஆமாம், தேடினேன். அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன்.) என் தலைக்கு நாலடி பின்னால் ஆணியில், மற்ற பேட்டர்ன்களுக்கு நடுவில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர் சாப்பிடவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பேட்டர்ன் கட்டை இறக்கி, புரட்டி, “அய்யய்யோ, இங்க பாருங்க! எந்தப் பாவி இத வெட்டுனான்?” என்று அலறினேன். பாவி யார் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். முருகேசன் மாஸ்டர் அதற்குள் எங்களை விட்டு வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். இல்லாத ஆள்மேல் போடுவது சுலபம்.

வக்கீலிடம் கொண்டுபோனோம். அவர் அதை மேஜைமேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது என்ன, பனியனா?” என்றார்.

“ஃப்ரண்ட் மட்டும் சார்,” என்றேன். தொழில் சுத்தம் என்னை விட்டுப் போகவில்லை.

அவர் நல்ல மனிதர். கிடைத்ததை வைத்து, மனுவுக்கு எங்கள் பதிலாக எதிருரை எழுதினார். மேற்படி ஆவணம் முருகேசன் என்ற பணியாளரால் கவனக்குறைவாக வெட்டப்பட்டது என்று அதில் ஒரு பத்தி. அதில் நான் கையெழுத்தும் போட்டேன். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். “அந்த முருகேசனைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. வெட்டுறதுக்கு முன்னாடி உங்க பேர் இருந்ததை அவர் பார்த்திருப்பாரே. அது போதும், ஜெயிச்சிடலாம்.”

“அவரு பொள்ளாச்சிப் பக்கம் எங்கயோ போயிட்டாராம் சார்,” என்றேன். “பெங்களூருன்னும் சொல்லுறாங்க.” ஒரே மூச்சில் இரண்டு ஊர் சொன்னதில் வக்கீலுக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனால் தேவராஜ் மறுநாளே யாரிடமோ விசாரித்து, தாராபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் திரும்பிவந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். “வெட்டவே இல்லன்னு சத்தியம் பண்ணுதான்ட்டி, பிள்ள தலையில கை வச்சி! அவன் பொண்டாட்டி, மாமனாரு எல்லாரு முன்னாலயும் வச்சிக் கேட்டுட்டேன். ‘எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு பொய் சத்தியமா பண்ணுத’ன்னு. தெருவே கூடிட்டு. வெளங்குவானா அவன்?”

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

விசாரணை நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் கதிர்வேல் எதிரே வந்து, கையெடுத்துக் கும்பிட்டான். “வாங்கக்கா. வாங்க மாமா. சாப்ட்டீங்களா? பாப்பா நல்லா படிக்கறாளுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க, வக்கீலு சொல்றபடி பண்ண வேண்டியதாப் போச்சுங்க.” ஒரு குடும்பத்தை இவ்வளவு மரியாதையாகத் தெருவுக்கு அனுப்ப முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூண்டில் ஏறியும் அவன் மரியாதை குறையவில்லை. “அன்னிக்கு நானும் போனேனுங்க. பாலு குடிச்சேனுங்க. அப்பா எதையாச்சும் எழுதுனாருங்களான்னு நான் பாக்கலீங்க. நான் வெளிய வண்டிகிட்ட நின்னனுங்க.” அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மார்க்கர் மூடியைக் கழற்றித் தன் அப்பாவிடம் கொடுத்தவனே அவன்தான்.

அடுத்தது நான். என்னை யார் உள்ளே விட்டது, ஐயா என்ன எழுதினார் என்பதையெல்லாம் தெளிவாகத்தான் சொன்னேன். பிறகு ஆவணத்தை நீதிபதியிடம் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்துத் தூக்கினார், கொடியில் காயப்போடப் போகிறவர் மாதிரி. கழுத்து வழியாக அவருடைய மூக்குக் கண்ணாடி தெரிந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். வெட்டு சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும், நான் தலையாட்டியதும் அப்போதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “இதில் யார் பெயர் இருக்கிறது?”

“இப்ப இல்லீங்க. முன்ன இருந்துதுங்க. கழுத்துல.”

“உங்களுக்கு முன்னால் அதே மேற்குப் பாதியில் செல்வம் என்பவர் மிஷின் போட்டிருந்தாரா?”

“ஆமாங்க.”

“அப்படியானால் இந்தச் சம்மதம் செல்வத்துக்குக் கொடுத்ததாகவும் இருக்கலாம், இல்லையா? அந்தப் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றுதானே அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள்?”

“இல்லீங்க! கழுத்துன்னா அங்கதாங்க வரும்!”

இந்த முறை நீதிபதியும் குனிந்துகொண்டார். வக்கீல் சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். “இதை வெட்டியது முருகேசன் என்று எதிருரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரிதானே?”

ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கடைசி பெஞ்சில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முருகேசன் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மாமனார் முன்னால் பொய்யன் என்று பேர் வாங்கியவர், நான் என்ன சொல்கிறேன் என்று தன் காதால் கேட்பதற்காகத் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் தேவராஜ், எனக்குத் தைரியம் கொடுப்பதற்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நாந்தாங்க வெட்டுனேன்,” என்றேன்.

எங்கள் வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடினார்.

“ஏம்மா வெட்டினீங்க?” என்று நீதிபதியே கேட்டார்.

“ட்வெல்வ் மன்த் சைஸுக்கு அட்டை இல்லீங்கய்யா. ஞாயித்துக்கெழம கடை இல்ல.”

“அப்போ எதிருரையில் முருகேசன் என்று சொன்னது?”

“பொய்ங்கய்யா.”

உண்மையைச் சொன்ன அந்த நிமிடத்தில் நான் நம்பத்தகாத சாட்சி ஆனேன். தீர்ப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. பெயரும் தேதியும் இல்லாத, குழந்தைகள் பனியன் வடிவிலுள்ள மேற்படி ஆவணத்தைக் கொண்டு எதிர்மனுதாரருக்கு உரிமையாளர் எழுத்துப்பூர்வமான சம்மதம் அளித்தார் என்பதை நிரூபிக்க இயலவில்லை; மேலும் இந்தச் சாட்சி தன் கூற்றைத் தானே மறுத்துள்ளார். இரண்டு மாத அவகாசத்தில் காலி செய்ய வேண்டும். மேல்முறையீடு போகலாமா என்று கேட்டதற்கு எங்கள் வக்கீல், “கழுத்துத் துண்டு கிடைச்சா வாங்க,” என்றார்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தேவராஜ் நேராக முருகேசனிடம் போனார். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. முருகேசன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பக்கத்தில் போய், “மாஸ்டர், மன்னிச்சிருங்க,” என்றேன். “பரவால்லீங்க,” என்றார் அவர். அந்தப் ‘பரவால்லீங்க’வை விட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

தேவராஜ் என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், மிஷினில் உட்கார்ந்தார், ஜெபாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். ‘ரெண்டு நாளு என்னத் தேட விட்டியே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. அந்த இரண்டு மாதமும் அந்தத் தகர செட்டுக்குள் ஓவர்லாக் சத்தம் மட்டும்தான் இருந்தது.

காலி செய்த அன்று, இருந்த ஆறு மிஷினில் நாலை விற்றுவிட்டு, மீதியை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கதிர்வேல் தோட்டத்து இளநீர் ஒரு குலை கொண்டுவந்து இறக்கினான். “வெயிலுங்க மாமா. குடிச்சுப்போட்டு ஏத்துங்க.” கூடவே, “அக்கா, அந்த ஆணியெல்லாம் புடுங்கிட்டுப் போயிருங்க. செவுரு இடிக்கறப்ப ஆளுக கால்ல குத்தும்,” என்றான். பிடுங்கினேன்.

அப்போது ஜெபா பள்ளிக்கூடத்திலிருந்து ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் பக்கத்தில் நின்றதால் என்னிடம் நீட்டினாள். டெம்போவின் மேலிருந்து தேவராஜ் குரல் கொடுத்தார்.

“ஏ பிள்ள, அம்மாட்ட குடுக்காத! பனியனாக்கிருவா!”

டெம்போ டிரைவர் சிரித்தார். ஜெபா எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். கதிர்வேலும் சிரித்தான், பிறகு சிரிக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டான். நான் ஒரு மிஷின் ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்து, கையில் ஆணியோடு, ஓவென்று அழுதேன். இரண்டு மாதத்தில் அவர் எனக்காகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அருள்புரத்தில் ஒற்றை அறை வீடு பிடித்தோம். மிச்சமிருந்த இரண்டு மிஷினும் அடுத்த வருடம் போய்விட்டன. சொந்தக் கம்பெனி என்ற பேச்சு அதோடு முடிந்தது. அவர் மறுபடி அடுத்தவர் கம்பெனியில் டெய்லர் ஆனார், நான் மறுபடி செக்கிங். கட்டிங் டேபிள் பக்கம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

வக்கீல் கோர்ட்டிலிருந்து அட்டையைத் திருப்பி வாங்கிக் கொடுத்தார். தேவராஜ் அதை வீட்டுச் சுவரில் மாட்டினார், ‘ஃப்ரண்ட், 12 மாதம்’ என்ற பக்கம் வெளியே தெரியும்படி. இன்றும் தொங்குகிறது. ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், ஜெபாவின் டிகிரி, எது வீட்டுக்குள் வந்தாலும், “கத்திரிய ஒளிச்சி வை,” என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொல்வார்கள். ஜெபாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, சுவரில் என்ன பனியன் என்று கேட்டார்கள். தேவராஜ் அதை இறக்கி, தோளைப் பிடித்து, நீதிபதி மாதிரி கழுத்து வழியாகப் பார்த்து, முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தக் கதையை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இளநீர் வரும், முருகேசன் வருவார், ‘கழுத்துன்னா அங்கதாங்க வரும்’ வரும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் நெருங்கும்போது நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவரும் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிவிடுவார். நோட்டீஸ் வந்தது, ஆணியில் பார்த்தால் பனியன் தொங்குகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். டிரங்குப் பெட்டி கிடையாது. கணக்குப் புத்தகம் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டது கிடையாது.

ஆகவே அந்த இரண்டு நாள் உண்மையில் என்ன நடந்தது என்று ஜெபாவுக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.